வாங்காத கடனுக்குத் தவணை கேட்கிறார்கள்

கேள்வி: ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு என் போனில் சிக்னல் போய்விட்டது. டவர் பிரச்சினை என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். காலையிலும் வரவில்லை. மதியம் தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்குப் போய் புது சிம் வாங்கிப் போட்டதும் சரியாகிவிட்டது. போன வாரம் ஒருவர் அழைத்து, நான் ஆன்லைனில் வாங்கிய கடனுக்கு முதல் தவணை தவறிவிட்டது என்கிறார். நான் எந்தக் கடனும் வாங்கவில்லை. ஆனால் என் பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறார். "முதல் தவணையை மட்டும் கட்டிவிடுங்கள், மற்றதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்" என்கிறார். கட்டிவிடலாமா? மெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், அது போதுமா? அப்பாவின் பென்ஷன் ஆவணங்களும் என் மெயிலில்தான் இருக்கின்றன. வெட்கத்தில் வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

பதில்: கட்டாதீர்கள். ஒரு தவணை என்ன, அதில் கால்வாசிகூட வேண்டாம். கடனில் ஒரு பகுதியைச் செலுத்தினால் அந்தக் கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாகப் பல நாடுகளின் சட்டம் எடுத்துக்கொள்ளும். "வாங்கவே இல்லை என்றால் ஏன் கட்டினீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் உங்கள் புகார் வலுவிழந்துவிடும். தவிர, அழைத்தவர் உண்மையிலேயே வசூல் செய்பவர்தானா என்பதே இன்னும் தெரியாது. உங்கள் பிறந்த தேதியும் அட்டை எண்ணும் திருடியவனுக்கும் தெரியும். போன் திரையில் தெரியும் எண்ணும் ஆதாரமாகாது. வேறொரு எண்ணிலிருந்து வருவதுபோல் காட்டி அழைப்பது இன்று எளிது.

அவர் மறுபடி அழைத்தால் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இந்தக் கடனை நான் வாங்கவில்லை. கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரையும் கடன் எண்ணையும் சொல்லுங்கள். மற்றதை எழுத்தில் அனுப்புங்கள்." விலாசம் சரிதானா, கணக்கு எந்த வங்கியில் என்று அவர் கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். அதற்காக அழைப்பை எடுக்காமல் விட்டுவிடவும் கூடாது. நீங்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பெயரில் தவணை தவறியதாகப் பதிவு ஏறிக்கொண்டே போகும்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்தச் சனிக்கிழமை இரவுதான். நீங்கள் அதைச் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது டவர் பிரச்சினையாகத் தெரியவில்லை. டவரில் கோளாறு என்றால் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் போயிருக்கும்; புது சிம் போட்டதும் சரியாகியும் இருக்காது. அனேகமாக யாரோ உங்கள் பெயரைச் சொல்லி, உங்கள் அட்டையின் நகலைக் காட்டி, "சிம் தொலைந்துவிட்டது" என்று உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கியிருக்கிறார்கள். அது உயிர்பெற்ற நிமிடத்தில் உங்கள் கையிலிருந்த சிம் செத்துப்போகும். அதிலிருந்து நீங்கள் கிளைக்குப் போகும்வரை உங்களுக்கு வர வேண்டிய ஓடிபி எல்லாம் அந்த ஆளுக்குப் போயிருக்கும். சனிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுப்பதும் தற்செயல் இல்லை. ஞாயிறு மதியம்வரை யாரும் தேட மாட்டார்கள் என்ற கணக்கு.

அந்த நேரத்துக்குள் நடந்திருக்கக்கூடியது இது. உங்கள் மெயிலில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்பதை அழுத்தியிருப்பார்கள். குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வந்திருக்கும், மெயில் திறந்திருக்கும். அனுப்பிய மெயில்களில் தேடினால் என்றோ யாருக்கோ நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்பிய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கிடைத்திருக்கும். ஆன்லைனில் கடன் வாங்க இவையும் கைபேசி எண்ணும் போதுமான இடங்கள் பல உண்டு.

உங்களுக்குக் கெடுதல் செய்த அந்த இரவேதான் உங்களைக் காப்பாற்றப் போகும் சாட்சியும். சிம் எத்தனை மணிக்கு மாற்றப்பட்டது என்பது தொலைபேசி நிறுவனத்தின் பதிவில் இருக்கும். கடனுக்கு எத்தனை மணிக்கு விண்ணப்பித்தார்கள் என்பது கடன் கொடுத்தவரின் பதிவில் இருக்கும். இரண்டு நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடிந்தால் "ஓடிபி உங்கள் எண்ணுக்குத்தானே வந்தது" என்ற வாதம் நிற்காது. இனி நீங்கள் செய்யும் வேலையில் பாதி, இந்த இரண்டு நேரங்களையும் எழுத்தில் வாங்குவதுதான்.

மெயில் இன்னும் பூட்டப்படவில்லை

பாஸ்வேர்டு மாற்றியது நல்லது, ஆனால் போதாது. எந்தக் கணினியில் அல்லது போனில் மாற்றினீர்கள் என்பது முதல் கேள்வி. சில திருட்டு மென்பொருள்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் உள்ளே நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கி என்ற சிறு கோப்பையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகும். அந்தக் குக்கி கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அப்படிப்பட்ட கணினியில் புதுப் பாஸ்வேர்டைத் தட்டினால் அதையும் நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். உங்கள் விஷயத்தில் சிம் மாற்றம்தான் வழியாகத் தெரிகிறது. இருந்தாலும் சந்தேகம் இல்லாத வேறொரு கருவியில் உட்கார்ந்து இதையெல்லாம் செய்வது நல்லது.

மெயிலின் அமைப்புகளுக்குள் போங்கள். பாஸ்வேர்டு மறந்தால் மீட்பதற்கென்று ஒரு கைபேசி எண்ணும் மாற்று மெயில் முகவரியும் இருக்கும். அவை இரண்டும் உங்களுடையவைதானா? ஒரே ஒரு எழுத்து மாறிய முகவரியைச் சேர்த்துவிட்டுப் போவது வழக்கமான வேலை, மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது. பிறகு, எந்தெந்தக் கருவிகளில் இந்த மெயில் திறந்திருக்கிறது என்ற பட்டியல். அதில் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள், உங்கள் போன் உட்பட. மெயிலைப் படிக்க அனுமதி பெற்றிருக்கும் வெளி ஆப்களின் பட்டியலும் தனியாக உண்டு. அந்த அனுமதிகள் பாஸ்வேர்டு மாற்றினாலும் சில சமயம் அப்படியே நீடிக்கும். தெரியாத எதையும் நீக்கிவிடுங்கள்.

அடுத்தது பெரும்பாலோர் எட்டிக்கூடப் பார்க்காத இடம்: வடிகட்டிகளும் தானாக முன்னனுப்பும் விதிகளும். ஜிமெயிலில் ஃபில்டர் என்றும் அவுட்லுக்கில் ரூல் என்றும் இருக்கும். "கடன் என்ற சொல்லோ இந்த நிறுவனத்தின் பெயரோ வந்தால், படித்ததாகக் குறித்து, இன்பாக்ஸில் காட்டாமல் ஓரம்கட்டு" என்று ஒரு விதி எழுதி வைத்துவிட்டால், கடன் கொடுத்தவர் அனுப்பிய வரவேற்பு மெயில், தவணை நினைவூட்டல், எச்சரிக்கை எதுவுமே உங்கள் கண்ணுக்கு வராது. ஒன்றரை மாதம் உங்களுக்கு ஒரு மெயிலும் தெரியாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பாஸ்வேர்டு மாற்றினாலும் இந்த விதிகள் அழியாது. அப்படி ஒன்று இருந்தால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். முதலில் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு நீக்குங்கள். குப்பைக் கூடையையும், எல்லா மெயில்களும் இருக்கும் பகுதியையும் அந்தச் சனிக்கிழமையிலிருந்து தேடுங்கள். கடன் எண், தேதி, நேரம் எல்லாம் அங்கேயே கிடைக்கக்கூடும். குப்பையில் போனது பெரும்பாலும் 30 நாளில் தானாக அழிந்துவிடும், ஆகவே தாமதிக்க வேண்டாம்.

போனிலும் ஒரு சோதனை இருக்கிறது. *#21# என்று அழுத்தி அழைத்தால், உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று பல நிறுவனங்களின் இணைப்பில் திரையில் தெரியும். ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும். இந்த ஏற்பாடு சிம்மில் இல்லாமல் தொலைபேசி நிறுவனத்தின் பக்கம் பதிவாவதால், சிம்மை மாற்றிவிட்டதால் போய்விட்டிருக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. குரல் அழைப்பில் ஓடிபி சொல்லும் சேவைகளை இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலைப் பாருங்கள், 6 இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண்ணையும் போட்டு வையுங்கள்.

இனி காகித வேலை

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் பேசினீர்கள், எந்தத் தேதி, எத்தனை மணி, அவர் பெயர், கொடுத்த புகார் எண், என்ன சொன்னார் என்று ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி. நான்கு மாதம் கழித்து "நீங்கள் எங்களிடம் சொல்லவே இல்லையே" என்று ஒருவர் சொல்லும்போது இந்த நோட்டின் அருமை தெரியும்.

முதலில் உங்கள் வங்கிக்குப் போங்கள். அந்த வாரத்தின் கணக்கு விவரத்தை வரி வரியாகப் பாருங்கள். சில சமயம் கடன் பணத்தை உங்கள் சொந்தக் கணக்குக்கே வரவைத்து, சில நிமிடங்களில் வேறு கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். கடன் கொடுத்தவரின் பதிவில் "பணம் அவர் கணக்குக்குத்தான் போனது" என்று இருக்கும். இது தெரியாமல் "எனக்குப் பணமே வரவில்லை" என்று புகாரில் எழுதிவிட்டால், அந்த ஒரு பொய்யை வைத்தே மற்ற உண்மைகளையும் தள்ளிவிடுவார்கள். வந்து போயிருந்தால் வந்த நேரம், போன நேரம், போன கணக்கு மூன்றையும் அப்படியே எழுதுங்கள். சிம் உங்களிடம் இல்லாத மணி நேரத்துக்குள் அவை விழுந்தால் அது உங்களுக்கே பலம். புதிதாக யாராவது பணம் பெறுபவராகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா, பதிவு செய்த எண்ணும் மெயிலும் உங்களுடையவைதானா என்றும் கேளுங்கள்.

அடுத்து தொலைபேசி நிறுவனம். உங்கள் எண்ணுக்கு இரண்டு முறை சிம் மாறியிருக்கிறது. முதலாவது எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கிளை அல்லது எந்த வழி, எந்த ஆவணம் காட்டி? எழுத்தில் கேளுங்கள். முழு விவரத்தையும் போலீஸ் கேட்டால்தான் தருவோம் என்பார்கள். பரவாயில்லை, "இன்ன நேரத்தில் சிம் மாற்றப்பட்டது" என்ற ஒரு வரிக் கடிதமாவது கேட்டு வாங்குங்கள். கையோடு, எண்ணை மாற்றவோ வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகவோ கூடுதல் ரகசிய எண் கேட்கும் ஏற்பாடு உண்டா என்று விசாரித்துப் போட்டுவிடுங்கள். போனில் நாமே போடும் சிம் பின் இதற்கு உதவாது. போனைத் திருடி சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுபவரைத்தான் அது தடுக்கும். புது சிம்முக்கு அந்தப் பழைய பின் பொருந்தாது. இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்து நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

பிறகு போலீஸ் அல்லது இணையக் குற்றப் பிரிவு. புகாரின் நகலும் எண்ணும் கையில் இல்லாமல் கடன் நிறுவனங்கள் அசைய மாட்டார்கள். "பணம் போகவில்லையே, கடன்தானே, அவர்களிடமே பேசுங்கள்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால் விட்டுவிடாதீர்கள். உங்கள் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தியதுதான் குற்றம். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு இதற்கென்றே இருக்கிறது.

இப்போது கடன் கொடுத்த நிறுவனத்துக்குக் கடிதம். தொடர்பு எண்ணை, உங்களை அழைத்தவரிடம் வாங்காமல், அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து எடுங்கள். போனில் பேசினாலும் எழுத்திலும் அனுப்புங்கள், ஒப்புகையுடன் கூடிய தபால் என்றால் இன்னும் நல்லது. நீளமாக, வருத்தத்தையெல்லாம் கொட்டி எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"இன்ன எண் கொண்ட கடன் என் பெயரில் மோசடியாகப் பெறப்பட்டது. நான் இதற்கு விண்ணப்பிக்கவில்லை, கையெழுத்திடவில்லை, என் சார்பில் விண்ணப்பிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை. இன்ன தேதி இன்ன மணி முதல் இன்ன மணி வரை என் கைபேசி எண் என் வசம் இல்லை. அதற்கான தொலைபேசி நிறுவனத்தின் கடிதம் இணைப்பில் உள்ளது. புகார் எண் இன்னது. வசூல் நடவடிக்கையை நிறுத்துங்கள். விண்ணப்பத்தின் நகல், விண்ணப்பித்த தேதியும் நேரமும், பயன்படுத்திய கைபேசி எண்ணும் மெயிலும், ஐபி முகவரி (விண்ணப்பித்த இணைய இணைப்பின் எண்), கொடுக்கப்பட்ட ஆவணங்கள், புகைப்படம், பணம் செலுத்தப்பட்ட கணக்கு எண் ஆகியவற்றைத் தாருங்கள். விசாரணை முடிந்ததும், இந்தக் கடனுக்கு நான் பொறுப்பில்லை என்ற கடிதத்தையும், கடன் தகவல் நிறுவனங்களில் பதிவைத் திருத்தியதற்கான உறுதியையும் எழுத்தில் தாருங்கள்."

விண்ணப்பத்தின் நகல் கேட்பது வெறும் சடங்கு இல்லை. அதில் இருக்கும் புகைப்படம் வேறு முகமாக இருக்கலாம், கையெழுத்து வேறாக இருக்கலாம், வேலை பார்க்கும் இடம் நீங்கள் கேள்விப்படாததாக இருக்கலாம். ஒரே ஒரு முரண் கிடைத்தாலும் வழக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும். அமெரிக்காவில், உரிய ஆதாரங்களோடு எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் இந்த ஆவணங்களைத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கடிதத்தோடு அடையாள அட்டை நகல் கேட்பார்கள். அனுப்பும் நகலின் மேல், படத்தையும் எழுத்தையும் தொட்டுக்கொண்டு குறுக்காக, "இன்ன நிறுவனத்திடம் மோசடிப் புகாருக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டுப் பயன்படுத்துவார்கள்.

கடன் பதிவும் பூட்டும்

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை, அதனால் சில நாடுகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு கடன் உங்களுக்குத் தெரிந்தது என்றால் தெரியாத இன்னொன்றும் இருக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதைக் காட்டுவது, உங்கள் பெயரில் உள்ள கடன்களையும் தவணைகளையும் கடன் தகவல் நிறுவனங்கள் பதிந்து வைத்திருக்கும் கடன் அறிக்கைதான். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இப்போது நான்கையும் எடுங்கள், ஏனென்றால் எல்லாக் கடனும் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பதிவாகிவிடுவதில்லை. மோசடிப் புகாருக்கு 1930 என்ற உதவி எண். அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்று. புகாரை ஃபெடரல் டிரேட் கமிஷனில் பதிந்து அறிக்கை பெறலாம். மலேசியாவில் நெகாரா வங்கியின் சிசிரிஸ் என்ற கடன் பதிவும் 997 உதவி எண்ணும், சிங்கப்பூரில் கிரெடிட் பீரோவும் 1799 உதவி எண்ணும், இலங்கையில் கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகமும் இருக்கின்றன. பிரிட்டனில் சிஃபாஸ் என்ற அமைப்பில் பதிந்துகொண்டால், உங்கள் பெயரில் விண்ணப்பம் வரும்போது உறுப்பு நிறுவனங்கள் கூடுதலாகச் சரிபார்ப்பார்கள்.

அறிக்கையில் கடன் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். "விசாரணைகள்" என்ற பகுதியில் யார் யார் உங்கள் பதிவைக் கேட்டுப் பார்த்தார்கள் என்று தேதியோடு இருக்கும். நீங்கள் அணுகாத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், கடன் வாங்க முயற்சி நடந்திருக்கிறது என்று அர்த்தம். அது கிடைத்ததோ இல்லையோ, அவர்களுக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். விலாசப் பகுதியில் நீங்கள் வாழ்ந்திராத முகவரி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதுக் கடனுக்காக யாரும் பார்க்க முடியாதபடி அறிக்கையையே உறைய வைக்கும் வசதி உள்ள நாடுகளில் அதை இன்றே செய்யுங்கள். அமெரிக்காவில் 2018 செப்டம்பர் முதல் இது இலவசம். மூன்று நிறுவனங்களிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆன்லைனில் அல்லது போனில் கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் உறைய வைக்க வேண்டும், விலக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் விலக்க வேண்டும். மோசடி எச்சரிக்கைக் குறிப்பு என்பது வேறு. அதை ஒரு நிறுவனத்தில் போட்டால் மற்ற இரண்டுக்கும் அவர்களே தெரிவிப்பார்கள். ஆனால் கதவைச் சாத்துவது உறைய வைப்பதுதான், எச்சரிக்கைக் குறிப்பு "கேட்டுவிட்டு உள்ளே விடு" என்று எழுதி வைப்பதோடு சரி. இந்தியாவில் ஆதார் வைத்திருப்பவர்கள் கைரேகை, கண்விழிப் பதிவைப் பூட்டி வைக்கலாம். நகல் கொடுக்கும்போது கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் புகார் கொடுத்த செய்தி எப்படியோ வெளியே போகும். "நாங்கள் இணையக் குற்றப் பிரிவிலிருந்து பேசுகிறோம், முன்பணம் கட்டினால் உங்கள் பெயரை நீக்கித் தருகிறோம்" என்று ஒருவர் வருவார். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்து மறுபடி ஏமாற்றுவது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. கட்டணம் கேட்டாலோ, திரையைப் பகிரும் ஆப் போடச் சொன்னாலோ அங்கேயே முடித்துவிடுங்கள்.

வெட்கம் பற்றி

இன்று இரவே வீட்டில் சொல்லிவிடுங்கள். ஆறுதலுக்காக மட்டும் சொல்லவில்லை. வசூல் செய்பவர்கள் உங்கள் தொடர்புகளில் உள்ளவர்களையும் அழைப்பது உண்டு. விஷயம் தெரியாத ஒருவர் பதறிப்போய் உங்களுக்காகக் கட்டிவிட்டால், மேலே சொன்ன சிக்கல் வந்து சேரும். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. 2013-இல் யாஹூவில் நடந்த திருட்டில் 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்று அந்த நிறுவனமே 2017-இல் ஒப்புக்கொண்டது. அதே 2017-இல், மக்களின் கடன் பதிவைக் காப்பதையே வேலையாகக் கொண்ட ஈக்விஃபாக்ஸிலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் வெளியே போயின. அவர்களில் ஒருவரும் எந்தத் தவறும் செய்யவில்லை. உங்கள் எண்ணுக்கு வேறொருவரிடம் சிம் கொடுத்ததும் நீங்கள் இல்லை.

அப்பாவின் ஆவணங்களும் அந்த மெயிலில் இருந்ததால் அவையும் வெளியே போய்விட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கடன் அறிக்கையையும் எடுங்கள். பென்ஷன் வழங்கும் அலுவலகத்துக்கு அவர் பெயரிலேயே ஒரு கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள்: வங்கிக் கணக்கையோ விலாசத்தையோ மாற்றச் சொல்லி எந்தக் கோரிக்கை வந்தாலும், தன்னை நேரில் அல்லது பழைய எண்ணில் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று. வயதானவர்கள் தங்கள் கடன் பதிவை எடுத்துப் பார்ப்பதில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் இந்த இரு தரப்பாரின் பெயரும் திருடப்பட்டால் கண்டுபிடிக்க வருடங்கள் ஆகிவிடுகின்றன.

இனி வராமல் இருக்க

மெயிலில் அனுப்பிய கோப்புகளைத் தேடி, அட்டைகளின் ஸ்கேன் உள்ள எல்லாவற்றையும் நீக்கி, குப்பையையும் காலி செய்யுங்கள். வழக்குக்கு வேண்டியவற்றை மட்டும் முன்பே தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் போதும். போன் கேலரியிலும் இதே வேலை இருக்கிறது. எண்ணை மறைத்து அனுப்பும்போது போனில் உள்ள மார்க்கர் தூரிகையால் கருப்படிக்காதீர்கள். சிலவற்றின் மை முழுக்கருப்பு இல்லை, வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். பிடிஎஃப்பில் வைக்கும் கறுப்புக் கட்டத்தை நகர்த்தினால் கீழே எழுத்து அப்படியே இருக்கும். மறைத்தபின் திரையைப் படம் எடுத்து அந்தப் படத்தை அனுப்புங்கள், அதுவும் கட்டம் முழுக்கருப்பாக இருந்தால் மட்டும்.

மெயிலுக்கும் வங்கிக்கும் எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பி இருக்க வேண்டாம். அங்கீகார ஆப் 30 நொடிக்கு ஒருமுறை புது எண்ணைப் போனுக்குள்ளேயே உருவாக்குகிறது. சிம்மைத் திருடியவனுக்கு அது கிடைக்காது. ஆனால் போலித் தளத்தில் நீங்களே அந்த எண்ணைத் தட்டினால் அவனுக்குப் போய்விடும். பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் கைரேகையோ பூட்டு எண்ணோ கொண்டு நுழைய உதவும் பாஸ்கீ அந்த ஓட்டையையும் அடைக்கிறது, ஏனென்றால் அது உண்மையான தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறது. போலித் தளத்தில் வேலையே செய்யாது. மெயிலில் பாஸ்கீ போட முடிந்தால் போட்டுவிட்டு, மீட்பு வழியிலிருந்து கைபேசி எண்ணை எடுத்துவிடுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்ததுபோல்தான். எடுப்பதற்கு முன், போன் கையில் இல்லாதபோதும் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். கூகுள் 10 குறியீடு தருகிறது, ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும்.

பாஸ்வேர்டு ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறாக, நீளமாக இருக்கட்டும். மேலாண்மை ஆப் ஒன்றை வைத்துக்கொண்டால் நினைவில் வைக்க வேண்டாம். மாதாமாதம் மாற்றத் தேவையில்லை, கசிந்தது தெரிந்தால் மாற்றினால் போதும். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டும் 2017 முதல் இதையே சொல்கிறது. உங்கள் முகவரி எந்தத் திருட்டில் வெளியானது என்று ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் பார்க்கலாம். "அம்மா பிறந்த ஊர் எது" போன்ற கேள்விகளுக்கு உண்மையான பதில் தராதீர்கள். ஏதாவது சம்பந்தமில்லாத சொல்லைக் கொடுத்து அதையும் அந்த ஆப்பில் குறித்து வையுங்கள். பழைய கைபேசி எண்ணை விடுவதாக இருந்தால் முதலில் எல்லாக் கணக்குகளிலிருந்தும் அதை நீக்குங்கள். சில மாதங்களில் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். சிக்னல் இனி எப்போது காரணமில்லாமல் போனாலும், பக்கத்தில் இருப்பவர் போனிலிருந்து அந்த நிமிடமே நிறுவனத்தை அழைத்து "என் சிம் மாற்றப்பட்டதா?" என்று கேளுங்கள்.

கடன் அறிக்கையை ஒரு மாதம் கழித்தும், பிறகு மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களிலும் மறுபடி பாருங்கள். திருடிய விவரங்களைக் கொஞ்ச காலம் ஆறப்போட்டுவிட்டு மறுபடி பயன்படுத்துவார்கள். கடன் நிறுவனம் உங்களை விடுவித்துக் கொடுக்கும் கடிதத்தைக் காலவரையின்றி வைத்திருங்கள். வராக் கடன்களை மொத்தமாக வேறு வசூல் நிறுவனத்துக்கு விற்பது வழக்கம். திருத்தப்பட்ட செய்தி சில சமயம் அந்தப் பட்டியலோடு போகாது. இரண்டு வருடம் கழித்துப் புதுக் குரல் ஒன்று அதே கடனைக் கேட்டு அழைத்தால், அந்தக் கடிதத்தின் நகலில் முன்பு சொன்னதுபோல் குறுக்கே எழுதி அனுப்பிவிட்டு, நோட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.